கடைக்குப் போவதும் ஒரு வேலையா?

"கடைக்குப் போய்ப் பொருள் வாங்குங்கள். நாங்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். காசு உங்கள் கணக்குக்கு வரும்." கைத்தொலைபேசிக்கு இப்படிப்பட்ட செய்திகள் வருவது இன்று நமது தோட்டப் புறங்களிலும் புதுமையல்ல. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைக்கும், கைக்குழந்தையைப் பார்ப்பதற்காகக் கொழுந்துக்குப் போகாமல் நின்றுவிட்ட தாய்க்கும், கொழும்பில் அறை எடுத்துத் தங்கி வேலை தேடும் யுவதிக்கும் இந்தச் செய்தியைக் கண்டதும் மனதில் ஓர் ஆசை எழுவது இயல்பே.

இதை முழுப் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அப்படியே நம்பிவிடவும் கூடாது. கடைக்குப் போய் வந்து அறிக்கை எழுதும் வேலை உண்மையாகவே உலகத்தில் இருக்கிறது. அந்த உண்மையான வேலையின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் பொய்யும் ஊருக்குள் நுழைகிறது. ஆகவே உண்மை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டால், பொய்யை அடையாளம் காண்பது சுலபமாகிவிடும்.

இது என்ன வேலை?

ஒரு முதலாளிக்கு ஒரு கடை இருந்தால், கல்லாவில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் அவர் பார்த்துக்கொள்வார். நூறு கடை இருந்தால் என்ன செய்வார்? நமது நாட்டில் கார்கில்ஸ் நிறுவனம் 1844ஆம் ஆண்டு ஒரு வர்த்தக நிலையமாகத் தொடங்கியது. 1983ஆம் ஆண்டு அது தனது முதலாவது சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. இன்று சுப்பர் மார்க்கெட்டுகளும், வங்கிக் கிளைகளும், தொலைபேசிக் கம்பனிகளின் காட்சியறைகளும் ஹற்றன், நுவரெலியா போன்ற மலையக நகரங்கள் வரை வந்துவிட்டன. கொழும்பில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு, ஹற்றன் கிளையில் ஒரு சாதாரண வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரியாது. மேலதிகாரி வருகிறார் என்றால் அன்று மட்டும் கடை பளபளவென்று இருக்கும். தோட்டத்துக்குப் பெரிய துரை வரும் நாளில் வாசல் கூட்டி வைப்பதைப் போலத்தான் இதுவும்.

இதற்காகவே பல பெரிய நிறுவனங்கள் வெளியிலிருந்து ஒருவரைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்புகின்றன. அவர் பொருள் வாங்குவார், கேள்வி கேட்பார், பில்லை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். பிறகு கண்டதை எழுதிக் கொடுப்பார். இதற்கு ஆங்கிலத்தில் மிஸ்டரி ஷொப்பிங் என்று பெயர். தன்னை அடையாளம் காட்டாமல் கடைக்குப் போய் வரும் வேலை என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் 1940களில் வில்மார்க் என்ற நிறுவனம் இந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கடையில் வேலை செய்பவர்கள் காசு விடயத்தில் நேர்மையாக இருக்கிறார்களா என்று பார்ப்பதே அன்றைய முக்கிய நோக்கம். காலப்போக்கில் வரவேற்பு, சுத்தம், காத்திருக்கும் நேரம், பொருள் பற்றிய விளக்கம் என்று பார்க்கும் விடயங்கள் விரிந்தன. 1998இல் இத்தொழிலில் ஈடுபட்ட கம்பனிகள் ஒன்றுசேர்ந்து எம்.எஸ்.பி.ஏ. என்ற சங்கத்தையும் அமைத்துக்கொண்டன.

இந்த வேலையில் மூன்று தரப்பினர் உண்டு. கடையின் சொந்தக்காரர் ஒருவர். அவருக்காக இந்த ஆய்வை நடத்திக் கொடுக்கும் கம்பனி இன்னொருவர். கடைக்குப் போய் வரும் நீங்கள் மூன்றாமவர். பணம் சொந்தக்காரரிடமிருந்து கம்பனிக்கும், கம்பனியிடமிருந்து உங்களுக்கும் வரவேண்டும். இந்த வரிசையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பணம் உங்களிடமிருந்து கம்பனிக்குப் போகும் நிலை வந்தால், அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

முதல் வேலை எப்படி நடக்கும்?

முதலில் கம்பனியில் பெயரைப் பதிய வேண்டும். பெயர், வயது, ஊர், தெரிந்த மொழிகள் ஆகியவற்றைக் கேட்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. பிறகு உங்கள் ஊருக்கு அருகில் வேலை இருந்தால் அறிவிப்பார்கள். எந்தக் கிளை, எந்தத் திகதி, எத்தனை மணிக்குள், என்ன வாங்க வேண்டும், எவ்வளவு தருவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். புதியவர்கள் அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். காலை 10 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் போகச் சொல்லியிருக்க, பஸ் பிந்தியதால் 1 மணிக்குப் போனால் அறிக்கையை ஏற்கமாட்டார்கள். பில்லைத் தொலைத்துவிட்டாலும் அப்படித்தான்.

கடைக்குள் போன பிறகு நடிக்கத் தேவையில்லை. எப்போதும் சாமான் வாங்கப் போகிறவர் போலவே இருங்கள். கையில் பேனாவும் கொப்பியும் வைத்துக்கொண்டு எழுதக்கூடாது. உள்ளே போன நேரம், பேச்சுக் கொடுத்த நேரம், கவுண்டரில் நின்ற நேரம் ஆகியவற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துவிடுவேன் என்ற பயம் இருந்தால், யாருக்கோ செய்தி அனுப்புவது போல உங்கள் தொலைபேசியில் குறித்துக்கொள்ளலாம். இறாக்கையில் எழுதியிருக்கும் விலையும் பில்லில் விழுந்த விலையும் ஒன்றா, மிச்சக் காசு சரியா, உதவியவரின் சட்டையில் பெயர் அட்டை இருந்ததா, தரை ஈரமாக இருந்ததா என்பவை வழமையாகக் கேட்கப்படும் விடயங்கள். கேட்காத ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் போக வேண்டாம். வேண்டுமென்றே சண்டை பிடிப்பது, ஊழியரின் படத்தைக் களவாக எடுப்பது போன்றவை அறவே கூடாது.

வெளியே வந்ததும் அன்றைக்கே அறிக்கையை எழுதிவிட வேண்டும். இரவு படுத்து எழும்பினால் பாதி மறந்துவிடும். கம்பனியில் இருப்பவர் அதை வாசித்து, சந்தேகம் இருந்தால் திருப்பிக் கேட்பார். அதற்கும் பதில் கொடுத்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

நமது ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஹற்றன் போன்ற நகரத்தில் ஒருவருக்கொருவர் முகம் தெரியும். கடையில் நிற்கும் பிள்ளை உங்கள் பக்கத்து லயத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஏன், சொந்தக்காரப் பிள்ளையாகவும் இருக்கலாம். அப்படியான கடையை ஏற்றுக்கொள்ளக் கூடாது. தெரிந்தவர் இருக்கிறார் என்று கம்பனிக்கு நேராகச் சொல்லிவிட்டு வேறு இடம் கேட்பதே முறை.

நமக்கென்று ஒரு பலமும் உண்டு. தமிழும் சிங்களமும் பேசும் பிள்ளைகள் மலையக நகரங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரே கடையில் தமிழில் கேட்பவருக்கும் சிங்களத்தில் கேட்பவருக்கும் ஒரே மாதிரி பதில் கிடைக்கிறதா என்பதை இவர்களால்தான் பார்த்துச் சொல்ல முடியும். பெயரைப் பதியும்போது தெரிந்த மொழிகள் எல்லாவற்றையும் தயங்காமல் எழுதுங்கள்.

கணக்குப் பார்த்து இறங்குங்கள்

இந்த வேலையால் குடும்பம் நடத்த முடியாது. மாதம் முழுவதும் வேலை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரு கடைக்கு ஒருவரையே திரும்பத் திரும்ப அனுப்பமாட்டார்கள். ஏனென்றால் முகம் பழகிவிடும். ஆகவே இது கைச்செலவுக்கு உதவும் ஒரு சிறு வருமானம் என்று மட்டும் எண்ண வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 1000 ரூபா தருவதாகச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போய் வர 300 ரூபா, தேநீரும் சிற்றுண்டியும் 200 ரூபா, டேட்டாவுக்கு 100 ரூபா செலவானால், கையில் நிற்பது 400 ரூபாதான். அதற்காக ஒரு நாள் வேலையை விட்டால் எவ்வளவு நட்டம்? 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் யாருக்கு இது இலாபம், யாருக்கு நட்டம் என்பது விளங்கும். வேறு காரியமாக எப்படியும் டவுனுக்குப் போகிறவருக்கும், நகரத்திலேயே தங்கியிருப்பவருக்கும் இது பொருந்தும். பேர் போட்டு வேலைக்குப் போகிறவர் இதற்காக ஒரு நாளை விடுவது புத்தியல்ல.

இன்னொரு விடயமும் இருக்கிறது. பல வேலைகளில் பொருளை முதலில் உங்கள் சொந்தக் காசில் வாங்க வேண்டும். பில்லைக் கொடுத்த பிறகுதான் அந்தக் காசும் கூலியும் வரும். அது உடனே வராது. ஒரு மாதம், அதற்கு மேலும்கூட ஆகலாம். வேலையை ஏற்பதற்கு முன்பே எத்தனை நாளில் பணம் வரும், எவ்வளவு விலை வரை வாங்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் காசை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, நுண்கடன் வாங்கியோ இந்த வேலையைச் செய்யப் போக வேண்டாம். சிறிய பில்லோடு முடியும் ஒரு வேலையை முதலில் செய்து, அந்தப் பணம் கைக்கு வந்த பிறகு அடுத்ததைப் பார்ப்பதே நல்லது.

பொய் எங்கே ஒளிந்திருக்கிறது?

அமெரிக்காவில் இந்த வேலையின் பெயரால் நடக்கும் மோசடி பற்றி அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு மக்களுக்குப் பல தடவை எச்சரிக்கை விடுத்திருக்கிறது. அங்கே நடப்பது இதுதான். வேலைக்கு எடுத்துவிட்டதாகச் சொல்லி ஒரு காசோலையை அனுப்புவார்கள். அதை வங்கியில் போட்டு, கூலியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொருவருக்கு அனுப்பச் சொல்வார்கள். காசு அனுப்பும் நிலையத்தின் சேவையைச் சோதிப்பதுதான் உங்கள் வேலை என்பார்கள். சில நாள் கழித்துக் காசோலை போலி என்று வங்கி சொல்லும். அனுப்பிய பணமோ போனது போனதுதான். வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஏமாந்தவரே.

நமது நாட்டில் இதே மோசடி வட்ஸ்அப், டெலிகிராம் வழியாக வேறு உருவத்தில் வருகிறது. ஹோட்டலுக்கு நட்சத்திரம் போடுங்கள், பொருளுக்கு மதிப்பெண் கொடுங்கள் என்று சுலபமான வேலை ஒன்றைக் கொடுப்பார்கள். முதல் நாள் சில நூறு ரூபா உண்மையாகவே கணக்கில் விழும். அதுதான் தூண்டிலில் வைத்த இரை. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். நான் இவ்வளவு எடுத்தேன், நான் அவ்வளவு எடுத்தேன் என்று அங்கே பலர் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே கூட்டத்து ஆட்கள். அடுத்தது, 5000 கட்டினால் 7000 கிடைக்கும் என்பார்கள். கட்டுவீர்கள். தொலைபேசித் திரையில் உங்கள் பெயரில் பணம் ஏறிக்கொண்டே போகும். ஆனால் எடுக்கப் போனால் வரி கட்டு, பிணைக் காசு கட்டு என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போட்ட காசை எடுப்பதற்காக மேலும் மேலும் காசு போட்டுத்தான் பலர் மூழ்கிப் போகிறார்கள்.

இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விலகிவிடுங்கள்:

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், பிணைக் காசு என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்பது.

கடைக்கே போகாமல், பொத்தானை அழுத்தினால் சம்பளம் என்பது.

வங்கி அட்டையின் இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தையோ கேட்பது. சம்பளம் போடுவதற்குக் கணக்கு இலக்கமும் கிளையின் பெயரும் போதும்.

உங்கள் கணக்கில் காசு போடுகிறோம், அதை இன்னொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள் என்பது. இது வேறு யாரிடமோ திருடிய காசாக இருக்கலாம். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின்படி இது பெரிய குற்றத்தில் கொண்டுபோய் விடக்கூடும். கணக்கு உங்கள் பெயரில் இருப்பதால் பொலிஸ் தேடி வருவது உங்கள் வீட்டைத்தான்.

நேர்முகப் பரீட்சை என்று விடுதி அறைக்கோ, யாரும் இல்லாத வீட்டுக்கோ தனியாக வரச் சொல்வது. யுவதிகள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எந்த வேலைக்குப் போவதென்றாலும் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கடையின் பெயரை வெளியில் சொல்லாமல் இருப்பது தொழில் இரகசியம். போகும் ஊரையே வீட்டுக்கு மறைக்கச் சொன்னால் அது ஆபத்து.

கம்பனி உண்மையானதா என்று பார்க்கவும் வழி உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட கம்பனிகளின் பெயர்களைக் கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரைச் சொல்லி ஆள் எடுத்தால், வந்த செய்தியில் உள்ள இலக்கத்துக்கு அழைக்காமல், அந்த நிறுவனத்தின் பொது இலக்கத்தை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள்.

ஏற்கனவே காசு போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். உடனே உங்கள் வங்கிக்கு அறிவியுங்கள். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். இணையவழி மோசடி பற்றிக் கூற இலங்கை சேர்ட் அமைப்பின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. வங்கிகள், நிதி நிறுவனங்கள் சம்பந்தமான முறைப்பாடுகளுக்கு மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்தை அழைக்கலாம். "படிக்காதவள்தான் ஏமாறுவாள்" என்று ஊர் பேசுவதை நம்பாதீர்கள். ஏமாற்றுவதையே தொழிலாகப் படித்து வைத்திருப்பவர்களிடம் படித்தவர்களும்தான் ஏமாறுகிறார்கள்.

எழுதும் கைக்குப் பொறுப்பு உண்டு

இதுவரை சொன்னது உங்கள் பாதுகாப்புக்கு. இனிச் சொல்வது மற்றவருடைய சோற்றைப் பற்றியது.

மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நமது பெண்கள் எத்தனை கவனமாகத் தராசைப் பார்க்கிறார்கள்! ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, கூடைக்கு என்று ஒரு கழிவு. தராசைச் சரியாகப் பார்க்காமல் ஒருவர் எழுதிய ஓர் இலக்கத்தால் முழுப்பேர் அரைப்பேராகி, பகல் முழுக்க மழையில் நின்ற உழைப்புப் பாதியாகிவிடும். பிழையாக எழுதப்பட்ட கணக்கு என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

மிஸ்டரி ஷொப்பிங் வேலையில் தராசு உங்கள் கையில் இருக்கிறது. கவுண்டரில் நிற்கும் பிள்ளை யார்? கொழும்பிலும் மற்ற நகரங்களிலும் கடைகளில் வேலைக்கு நிற்பவர்களில் நமது தோட்டங்களிலிருந்து போன பிள்ளைகள் எத்தனையோ பேர். உங்கள் அறிக்கையைப் பார்த்து ஒரு பிள்ளைக்குப் பாராட்டும் வரலாம், கண்டிப்பும் வரலாம்.

ஆகவே கண்டதை எழுதுங்கள். மனதில் பட்டதை எழுத வேண்டாம். "அந்தப் பிள்ளைக்கு மரியாதை தெரியாது" என்று எழுதுவது தீர்ப்பு. "நான் கவுண்டரில் 4 நிமிடம் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் வேறு இருவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துக் கவுண்டர் மூடியிருந்தது" என்று எழுதுவது சாட்சி. முதலாவதை வாசிக்கும் முகாமையாளர் அந்தப் பிள்ளையைத் திட்டுவார். இரண்டாவதை வாசிப்பவருக்கு, இன்னோர் ஆளைப் போடாததுதான் குறை என்று விளங்கும். நேரத்தையும் நடந்ததையும் எழுதினால் உண்மை தானாகவே வெளிவரும்.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு நமது நாட்டில் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் இருக்கிறது. சாதாரண வேலை நேரம் நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று அது சொல்கிறது. பண்டிகைக் காலத்தில் எத்தனை கடையில் அது நடக்கிறது என்பது அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். சிரிக்காத முகத்துக்குப் பின்னால் வலிக்கும் கால் இருக்கலாம். அதற்காகப் பொய்யாக நல்லது எழுதச் சொல்லவில்லை. சிரிக்கவில்லை என்றால் சிரிக்கவில்லை என்று எழுதுங்கள். ஆனால் கடையில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். போகாத கடைக்குப் போனதாக எழுதுவதும், தெரிந்தவருக்காகக் குறையை மறைப்பதும் களவு எடுப்பதற்குச் சமம்.

கூலி இல்லாவிட்டாலும் இந்தக் கண் உதவும்

அரசாங்கமும் இதே முறையைக் கையாள்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் ஆட்கள் சாதாரண வாடிக்கையாளர் போல கடைக்குள் போய்ப் பொருள் வாங்குவார்கள். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றால் வழக்குத்தான். 2021இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அதிகபட்ச விலையை மீறி விற்கும் தனி வியாபாரிக்கு முதல் தடவையே 1 இலட்சத்திலிருந்து 5 இலட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு 5 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் ரூபா வரையும் தண்டம் என்று ஆக்கப்பட்டது. உதாரணமாக, 2025 ஏப்ரலில் 500 மில்லிலீற்றர் குடிநீர்ப் போத்தலுக்கு 70 ரூபா என்று உச்ச விலை விதிக்கப்பட்டது. அதற்குக் கூடுதலாக விற்ற கடைகள் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது.

இதற்கு நீங்கள் எந்தக் கம்பனியிலும் சேரத் தேவையில்லை. விலைப்பட்டியலைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் கடமை. பில் கேட்பது உங்கள் உரிமை. பொதியில் அடித்த விலைக்கு மேல் வாங்கினால், காலாவதித் திகதி முடிந்த பால்மாவை விற்றால், பில்லோடு 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம். எந்தக் கடை, எந்தத் திகதி, எத்தனை மணி, என்ன பொருள், என்ன விலை என்று சொன்னால் உங்கள் முறைப்பாட்டுக்குப் பலம் கிடைக்கும். தோட்டத்துக் கடையில் கொப்பியில் கடன் எழுதி வாங்குபவர்களும் ஒவ்வொரு தடவையும் விலையைத் தங்கள் கொப்பியில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் இரண்டு கொப்பியையும் வைத்துப் பாருங்கள்.

சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்ய விரும்பும் சகோதரிகள் தாராளமாக முயன்று பார்க்கலாம். ஒரு சதமும் முன்பணம் கொடுக்காமல் தொடங்குங்கள். சிறிய வேலையில் தொடங்குங்கள். வந்த பணத்தையும் போன செலவையும் எழுதி வையுங்கள். மூன்று வேலை முடிந்ததும் கூட்டிக் கழித்துப் பாருங்கள், தொடர்வதா விடுவதா என்று அந்தக் கணக்கே சொல்லும்.